டீன் ஸ்மித் அனுப்பிய 200 டாலர் காசோலை: நடைமுறை என்ன?

கேள்வி (மூன்றுபுள்ளி): வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித் 2015 பிப்ரவரி 7 அன்று காலமானார். மார்ச் மாதமே பழைய வீரர்களுக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை, 'என் செலவில் வெளியே போய் நன்றாகச் சாப்பிடுங்கள்' என்ற செய்தியோடு. இவ்வளவு சீக்கிரம் எப்படி? வரி, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) விதி எதுவும் குறுக்கே வராதா?

பதில் (கணக்குப்பிள்ளை): உயில் மட்டும் என்றால் நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். அவர் வைத்திருந்தது உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளக்கூடிய டிரஸ்ட், அதாவது சொத்தை ஒரு பொறுப்பாளர் நிர்வகிக்கும் ஏற்பாடு. இறந்ததும் பொறுப்பாளரே காசோலை போடலாம். யாருக்கு என்பதிலும் குழப்பமில்லை: 1961 முதல் 1997 வரை அவரிடம் ஆடி 'லெட்டர்' தகுதி (கல்லூரி அணியில் போதிய அளவு ஆடியவர்களுக்குத் தரும் அங்கீகாரம்) பெற்றவர்கள், சுமார் 180 பேர். கிட்டத்தட்ட 36,000 டாலர். மைக்கேல் ஜோர்டானுக்கும் 200தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் 200தான். 'எனக்குப் பிடித்த மாணவர்களுக்கு' என்று எழுதியிருந்தால் அடிதடிதான்!

பதில் (ரீபவுண்ட்): அமெரிக்காவில் இறந்தவர் இப்படி விட்டுச்செல்லும் பணத்துக்கு வாங்குபவர் மத்திய வருமான வரி கட்ட வேண்டாம். என்சிஏஏ கட்டுப்பாடு கல்லூரியில் இன்னும் ஆடுபவர்களுக்குத்தான். 2015இல் அவருடைய வீரர் எவரும் அந்த நிலையில் இல்லை.

பதில் (கணக்குப்பிள்ளை): ஒன்று விட்டுப்போச்சு. காசோலையை வங்கியில் போடாமல் நினைவாக ஃபிரேம் போட்டு மாட்டினால் டிரஸ்ட் கணக்கு நேராகாது. ஆறு மாதம் தாண்டினால் வங்கி பணம் தரக் கடமைப்பட்டதும் அல்ல. மொபைலில் படமெடுத்து டெபாசிட் செய்தால் காகிதம் கையிலேயே இருக்கும்.