மழையோடு ஒரு பேஸ்பால் ஆட்டம்

போன ஐப்பசியில் காரைக்குடியில் கல்லூரி அணிகளுக்கிடையே பேஸ்பால் ஆட்டம். என் அக்கா மகன்தான் பிட்சர், அதாவது பந்தை எறிகிறவன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். செட்டிநாட்டு வீட்டு முற்றங்களில் கொட்டும் மழையை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். மைதானத்து மழை அன்றுதான் முதல் முறை.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்த்துவிட்டது. பத்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருந்த பிறகுதான் தெளிந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் தூறல் வலுத்தது. கேமராவைப் பாலித்தீன் பைக்குள் நுழைத்து, லென்ஸின் வாய் மட்டும் வெளியே தெரிய ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். ஓடுகிறவர்கள் படத்தில் கலங்காமல் விழ வேண்டுமென்று ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடியாக வைத்து எடுத்தேன்.

பேரன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்த ஓர் ஆச்சி, எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு பெய்கிறதே, படத்தில் மழையைக் காணோமே தம்பி?"

அவர் கேட்டது சரிதான். அந்த வேகத்தில் துளிகள் வெறும் புள்ளிகளாகி, வெளுத்த வானத்தோடு கலந்துவிட்டிருந்தன. வேகத்தை 1/125க்கு இறக்கினேன். பின்னணியில் கரும்பச்சைப் புளியமரங்கள் வரும்படி இடம் மாறினேன். மழை கோடுகோடாக இறங்கியது. ஆனால் மட்டை சுழற்றுகிறவன் கலங்கிப்போனான். அசையாமல் நிற்பவன் யார் என்று தேடியபோது மருமகன் கண்ணில் பட்டான். பந்தை மார்போடு அணைத்து, எறிவதற்கு முன் ஒரு கணம் சிலையாக நிற்பான். அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தேன். ஆச்சி தன் குடையைக் கேமராவுக்குப் பிடித்தார். அவர் தோள் நனைந்தது. வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.

நான்காவது இன்னிங்ஸில் பந்து வழுக்கத் தொடங்கியது. அதில் 108 சிவப்பு இரட்டைத் தையல்கள் உண்டு. விரலுக்குப் பிடிமானமே அவைதான். தையலிடுக்கில் செம்மண் அப்பிக்கொள்ள, மருமகன் பந்தைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். 18.44 மீட்டர் தள்ளி மட்டையோடு நிற்பவன் தலைக்குப் பந்து போய்விடுமோ என்று எனக்கே பதறியது. வழக்கமாக ஐந்து இன்னிங்ஸாவது முடிந்தால்தான் ஆட்டம் கணக்கில் சேரும் என்பதால் இரண்டு அணியும் விட மனமின்றி ஆடின. கடைசியில் அம்பயர் கை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

எனக்குப் பிடித்த படம் அதன்பின் கிடைத்ததுதான். கொட்டகைத் தகரத்திலிருந்து ஒழுகும் நீருக்குப் பின்னால், தலையில் தேங்காய்ப்பூத் துண்டைப் போட்டுக்கொண்டு, பந்தின் தையலை நகத்தால் சுரண்டிச் சுரண்டி மண் எடுத்துக்கொண்டிருந்தான் மருமகன். மழை இன்னும் விடவில்லை.