ஏசி போட்டால் உறுமல்: கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டுமா?

மூடுபனி:
வணக்கம். நான் நுவரெலியா. கார் பத்து வயதான வேகன் ஆர். இங்கே ஏசி போடுவதே கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கத்தான். போன வாரம் கண்டியிலிருந்து வரும் வழியில் இறம்பொடையில் நல்ல பனிமூட்டம். ஏசியைப் போட்டேன், டேஷ்போர்ட் பக்கம் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். மறுநாள் காலை கராஜ் ஒன்றில் காட்டினேன். இன்ஜினை நிறுத்தியே கேஸ் அழுத்த மீட்டரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, “60தான் காட்டுது, கேஸ் இல்லை, கம்ப்ரசர் போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போடுவோம்” என்றார்கள். போடலாமா?

கம்பளைச் சாரதி:
யோசிக்காமல் போடுங்கள் தம்பி. என் ஹயர் வேனில் இப்படித்தான் உறுமியது. “இன்னும் ஒரு ட்ரிப் ஓடட்டும்” என்று இரண்டு மாதம் தள்ளினேன். கம்ப்ரசர் உள்ளே உடைந்து இரும்புத்தூள் குழாய் முழுக்கப் போய்விட்டது. கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, ட்ரையர் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. முதலிலேயே மாற்றியிருந்தால் பாதிச் செலவு.

பழைய ஸ்பானர்:
அண்ணே, உங்கள் வேனின் கதை சரி. அதற்காக எல்லா உறுமலும் கம்ப்ரசர் ஆகிவிடுமா? சத்தம் டேஷ்போர்ட் பக்கம் என்கிறார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் இருப்பது இன்ஜினோடு.

தம்பி, காசு செலவில்லாத சோதனை ஒன்று. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, காற்றை 1, 2, 3 என்று கூட்டுங்கள். அப்போதும் உறுமினால் அது காரினுள் காற்றைத் தள்ளும் புளோவர் விசிறி. கம்ப்ரசர் அந்நேரம் சுற்றவே சுற்றாது. அதில் சத்தம் இல்லை என்றால் இன்ஜினைப் போட்டு ஏசியை அணைத்துக் கேளுங்கள். ஏசி இல்லாமலும் சத்தம் என்றால் புல்லி பேரிங் அல்லது பெல்ட் போகும் வழியில் வேறு ஏதாவது. புல்லி ஏசி இல்லாவிட்டாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஏசி போட்டு, கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று பிடித்த பிறகு மட்டும் வந்தால்தான் கம்ப்ரசர்மேல் சந்தேகம். அப்போதும் பாரம் ஏறி பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தேயிலைக்காட்டான்:
நுவரெலியாவில் ஏசியா? ஜன்னலைத் திறங்கள், கதை முடிந்தது.

பழைய ஸ்பானர்:
மழையிலும் பனியிலும் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பதால்தான் கண்ணாடி தெளிகிறது. இன்னொன்று, மாதக்கணக்கில் போடாமல் விட்டால் எண்ணெய் ஓடாமல் கம்ப்ரசர் தண்டின் சீல் காய்ந்து கேஸ் கசியும். வாரத்தில் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள்.

கம்பளைச் சாரதி:
சோதனை எல்லாம் சரி. மீட்டர் 60 காட்டியதற்கு என்ன பதில்? கொழும்பில் நான் பார்த்த வண்டியெல்லாம் 90க்கு மேலே காட்டும்.

பழைய ஸ்பானர்:
கொழும்பில் காட்டும். ஏசியில் ஓடும் 134ஏ கேஸ், இன்ஜின் நின்ற நிலையில், 30 பாகை வெயிலில் 97 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும். நுவரெலியா காலை 15 பாகை என்றால் அதே வண்டி 60ஐ ஒட்டித்தான் காட்டும். நின்ற வண்டியின் அழுத்தம் குளிரையும் சூட்டையும் சொல்லுமே தவிர, உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லாது. கேஸைக் கழற்றித் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிராம் என்பது பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும்.

கம்பளைச் சாரதி:
காகிதக் கணக்கு. கிளட்ச் நிமிடத்துக்குப் பல தடவை டக் டக் என்று விட்டு விட்டுப் பிடித்தால் கேஸ் குறைவு. இது என் அனுபவம்.

பழைய ஸ்பானர்:
அதை மறுக்கவில்லை. ஆனால் கடுங்குளிரில் ஏசியின் குளிரூட்டும் சுருளில் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்கவும் கிளட்ச் விட்டு விட்டுத்தான் பிடிக்கும். மத்தியானம் வெயில் வந்த பிறகு எண்ணிப் பாருங்கள்.

மூடுபனி:
சோதித்தேன். சாவி மட்டும் ‘ஆன்’, காற்று 3இல் வைத்ததும் அதே கர்ர்ர்! குளோவ் பாக்ஸைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. கடித்துத் துப்பிய பில்டர், பஞ்சு, விசிறிக்குள் ஒரு பிடி சைப்ரஸ் இலை. வீட்டு வாசலில் அந்த மரத்தடியில்தான் நிறுத்துவேன். துப்புரவாக்கினேன், சத்தம் போய்விட்டது. இன்ஜினை அணைத்த பிறகு மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கொஞ்ச நேரம் கேட்கிறது.

பழைய ஸ்பானர்:
அது கேஸின் அழுத்தம் இரு பக்கமும் சமமாவது. விட்டுவிடுங்கள். வைப்பருக்குக் கீழே காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை ஒன்றைப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் எலி திரும்ப வரும்.

கம்பளைச் சாரதி:
எலி பிடித்தது சந்தோஷம். கேஸை நிறுத்துப் பார்த்துவிட்டும் சொல்லுங்கள்.

மூடுபனி:
இன்று கண்டிக்குப் போன வேலையோடு அதையும் பார்த்தாயிற்று. ஸ்டிக்கரில் இருப்பதைவிட 40 கிராம் குறைவு. நிரப்பிவிட்டார்கள்.

பழைய ஸ்பானர்:
பத்து வருடத்தில் 40 கிராம். ரப்பர் குழாய் வழியே போயிருக்கும். கம்ப்ரசர் நல்லாயிருக்கிறது.

கம்பளைச் சாரதி:
குறைவுதானே? நான் சொன்னேனா இல்லையா!