கிட்னி வேலை குறைந்தவருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு: எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தொடங்கியவர்:
அப்பாவுக்கு ரொம்ப நாளாக சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் 3.4, கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் 18. திடீரென்று மூச்சு வாங்கியது, இழுத்து மூச்சுவிட்டால் விலாவில் சுரீர் என்று குத்தியது. ஆக்சிஜன் 89. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டை (சாய மருந்து) ஊசி போட்டு நெஞ்சை சி.டி. எடுக்கணும், அதில் கிட்னி இன்னும் கெடலாம் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவே இல்லை. அப்புறம் டாக்டரே வி/க்யூ ஸ்கேனுக்கு (நுரையீரலில் காற்றும் ரத்தமும் போகும் இடங்களைத் தனித்தனியாகக் காட்டும் படம்) அனுப்பினார். மாஸ்க் வழியாக டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஆவியை இழுக்கச் சொன்னார்கள், பிறகு நரம்பில் ஒரு சின்ன ஊசி. அந்தச் சாய டை கிடையவே கிடையாது. காற்றுப் படத்தில் வலது நுரையீரலின் அடிப்பகுதி நன்றாகத் தெரிந்தது. ரத்த ஓட்டப் படத்தில் அதே இடம் காலி, அதாவது காற்று போகிறது, ரத்தம் போகவில்லை! அன்றைக்கே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தக்கட்டு இருந்தால் ஏறும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும் கூடுதல்தான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏன்?

சிறுநீரக மருத்துவர் ஒருவர்:
கிட்னி பலவீனமானவர்களுக்குக் கட்டு இல்லாமலேயே டி-டைமர் ஏறியிருக்கும். அதனால் நார்மலாக வந்து, கட்டு இல்லை என்று ஒதுக்கத்தான் அதற்கு மதிப்பு அதிகம். அப்பாவுக்கு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நிமோனியாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால் வி/க்யூ குழப்பிவிடும். கால் வீங்கியிருந்தால் நான் முதலில் காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பேன். தொடை ரத்தக்குழாயில் கட்டு தெரிந்தால் மருந்து அதேதான், பெரும்பாலும் நெஞ்சைப் படம் எடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. டையால் வரும் ஆபத்தும் முன்பு நினைத்த அளவுக்கு இல்லை. இ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே, அல்லது கிட்னி திடீரென்று அடிபட்டிருக்கும்போதுதான் யோசிக்கிறோம்.

இன்னொரு உறுப்பினர்:
என் வீட்டுக்காரர் டயாலிசிஸில் இருக்கிறார், சிறுநீரே வராது. பிரஷர் விழுந்து மயங்கினார். படுக்கையிலேயே எக்கோ பார்த்து, இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் கட்டாக இருக்கலாம் என்று நேராக சி.டி.க்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிட்னியைப் பற்றி நான்தான் கேட்டேன். “இனி அதில் இழக்க ஒன்றும் இல்லைம்மா, இப்போ உயிர்தான் முக்கியம்” என்றார் டாக்டர். அந்த அவசரத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

தொடங்கியவர்:
டாக்டர், பக்கத்து பெட்காரருக்கு வயிற்றில் ஊசிதான் போட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் ஹெபாரின் டிரிப்?

சிறுநீரக மருத்துவர்:
அந்த ஊசி மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறணும். அப்பாவின் கிட்னி இருக்கும் நிலையில் அது உடம்பில் தங்கி ரத்தக்கசிவை உண்டாக்கலாம். டிரிப்பை ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பரிசோதனை) பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம், உடனே நிறுத்தவும் செய்யலாம்.