நாக்ராடிஸ்: அமாசிஸ் வழங்கிய ஊரா, அவருக்கு முன்பே இருந்த ஊரா?

கேள்வி

நைல் கழிமுகத்தில் இருந்த கிரேக்க வணிகக் குடியிருப்பான நாக்ராடிஸை எகிப்திய மன்னர் அமாசிஸ் (கி.மு. 570–526) கிரேக்கர்களுக்கு வழங்கினார் என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அகழாய்வாளர்களோ அவ்வூரின் தொடக்கத்தைக் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வைக்கிறார்கள். ஹெரோடோட்டஸின் கூற்றை மறுக்கும் அளவுக்கு மண்ணில் கிடைத்தது என்ன?

மறுமொழி 1

பானை ஓடுகள்தாம் முதன்மைச் சான்று. 1884–85இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டிய அப்பல்லோ கோயில் பகுதியிலும், அடுத்த பருவத்தில் எர்னஸ்ட் கார்ட்னர் தோண்டிய அப்ரோடைட்டி கோயில் பகுதியிலும், தெய்வத்தின் பெயர் கீறிக் காணிக்கையாக இடப்பட்ட கலங்கள் ஏராளமாகக் கிடைத்தன. நாக்ராடிஸில் கிடைத்த கொரிந்து, கிழக்குக் கிரேக்கக் கலங்களுள் காலத்தால் முந்தியவை, அமாசிஸ் அரியணை ஏறுவதற்கு ஒரு தலைமுறைக்கும் முற்பட்ட பாணியைச் சேர்ந்தவை. ஆயினும் ஹெரோடோட்டஸை மறுக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. முன்பே குடியேறியிருந்தவர்களுக்கு அமாசிஸ் உரிமைகளை வரையறுத்து, வணிகத்தை அங்கே ஒருமுகப்படுத்தினார் என்று கொண்டால், எழுத்தும் ஓடும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அச்சான்று நம்மை வந்தடைந்த விதத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பெட்ரி வருவதற்கு முன்பே, வயலுக்கு உரமாகப் பயன்படும் பழைய மண்செங்கல் மண்ணை உழவர்கள் ஊரின் இடிபாட்டு மேட்டின் நடுப்பகுதியிலிருந்து பெருமளவு அள்ளிச் சென்றுவிட்டனர். எஞ்சியவற்றிலும் வண்ண ஓவியமோ எழுத்தோ உள்ள ஓடுகளே அதிகம் பாதுகாக்கப்பட்டன. ஒன்பது கிரேக்க நகரங்கள் சேர்ந்து அமைத்த ஹெலெனியோன் என்னும் பொது வழிபாட்டு வளாகம் என்று பெட்ரி கருதிய தென்பகுதிப் பெருமதில் உண்மையில் எகிப்தியக் கோயிலுக்குரியது. 1899, 1903 ஆகிய ஆண்டுகளில் ஹோகார்த் வடபகுதியில் தோண்டிய பின்னரே ஹெலெனியோன் இருந்த இடம் தெளிவாயிற்று.

மறுமொழி 3

2012 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகக் குழு நடத்திய களப்பணி இவ்விழப்புக்கு ஓரளவு ஈடுசெய்கிறது. காந்தப்புல அளவீட்டாலும் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளாலும், நைலின் கனோபிக் கிளை ஊருக்கு மேற்கே ஓடியதை அவர்கள் உறுதிசெய்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இவ்வூரைத் தன்னாட்சி கொண்ட கிரேக்கக் குடியேற்றமாகக் கருதக் கூடாது. எகிப்திய மன்னர் முதலாம் நெக்டனெபோவின் கி.மு. 380ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இங்கு வசூலான வரியில் பத்தில் ஒரு பங்கை சாயிஸ் நகரத்து நேய்த் தெய்வத்தின் கோயிலுக்கு ஒதுக்குகிறது. வணிகர் கிரேக்கராயினும் ஆட்சியும் வரியும் எகிப்திய அரசுடையவையே.