டிலீஷன்: நீக்கமா, இழப்பா, குறைபாடா?

வணக்கம். வைரசுகள் பற்றித் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'டிலீஷன்' (டீ.என்.ஏ வரிசையில் ஒரு பகுதி இல்லாமல்போவது) வரும் இடமெல்லாம் இடறுகிறது. கல்லடி சேர் முன்னைய மடலில் 'குறைபாட்டு விகாரம்' என்றார். அதையே வைக்கலாமா?
(வந்தாறுமூலையிலிருந்து)

தம்பி, வேண்டாம். குறைபாடு பிறகு தெரியவரும் விளைவு. வருமா வராதா என்பது எந்தப் பகுதி போனது என்பதைப் பொறுத்தது.

5ஆம் வகை அடினோவைரசை எடுங்க. டீ.என்.ஏ ஏறக்குறைய 36,000 மூலச் சோடி நீளம். அதில் ஈ1, ஈ2, ஈ3 என்று பெயரிட்ட பகுதிகள் உண்டு. ஈ3 பகுதியை எடுத்துவிட்டாலும் ஆய்வுகூடக் கலங்களில் வைரசு தாராளமாகப் பெருகும். ஈ1 பகுதியிலுள்ள ஈ1ஏ பரம்பரையலகு போனால் கதை வேற. வைரசு நுழைந்ததும் முதலில் வெளிப்படுவதும், மற்ற முற்கட்டப் பரம்பரையலகுகளைத் தூண்டுவதும் அதுதான். டீ.என்.ஏ இரட்டிப்புக்கு வேண்டிய பொலிமரேசு முதலிய புரதங்கள் ஈ2இலிருந்து வருகின்றன. ஈ2இல் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் தூண்ட ஈ1ஏ இல்லாததால் அதன் வெளிப்பாடு படுத்துவிடும். உன்னிச்சைக் குளத்தில் துருசு (மதகு) திறக்காட்டி, வாய்க்கால் எவ்வளவு சீராக இருந்தென்ன, வயலுக்குத் தண்ணி வராது. இரட்டிப்பு நடக்காததால் பிற்கட்டப் பரம்பரையலகுகளும் எழும்பாது, உறைப் புரதமும் இல்லை.

அதே வைரசை '293' என்ற ஆய்வுகூட மனிதக் கலங்களில் விட்டுப் பாருங்க, நன்றாகப் பெருகும். அந்தக் கலங்களின் நிறமூர்த்தத்திலேயே ஈ1 இருக்கு. டிலீஷன் அப்படியே இருக்கு, குறைபாட்டைக் காணோம்! கோவிசீல்ட் தடுப்பூசியின் காவி வைரசிலும் (பரம்பரையலகைக் கலத்துக்குள் காவிச்செல்லும் அடினோவைரசு) ஈ1, ஈ3 இரண்டையும் எடுத்துத்தான் இருக்கிறார்கள்.

என் முன்மொழிவு: ஆய்வாளர் வெட்டியெடுத்தால் 'துண்டுநீக்கம்', தானாகப் போனால் 'துண்டிழப்பு'.
(கல்முனையிலிருந்து)

மடம், விளைவைப் பெயரில் ஏற்றக்கூடாது என்பது சரி. இன்னொன்றும் சேர்க்கலாம்: ஒரு கலத்துக்குள் வைரசுகளை மிக அதிகமாகத் திணித்தால் ஈ1ஏ இல்லாமலும் இரட்டிப்பு நடக்கிறது.

ஆனால் உங்கள் பிரிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. வரிசையில் ஓரிடம் காணாமல்போயிருப்பது மட்டும் தெரியும்போது, ஆள் எடுத்ததா தானாகப் போனதா என்று எப்படி எழுதுவது? 'துண்டு' சேர்ந்தால் ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை 'துண்டித்தல்' என்று வாசித்து, நொதியம் வெட்டுவதாக நினைப்பான். வெறும் 'நீக்கம்' போதும். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் அதுதான். ஆள் செய்ததென்று சொல்லவேண்டிய இடத்தில் வினை இருக்கிறதே: 'ஈ1ஏ நீக்கிய வைரசு'.

தம்பி இப்போதைக்கு அப்படியே போடட்டும். டிலீஷன் உள்ள வைரசுக்கு 'நீக்க விகாரி' என்ற பெயர் மட்டும் வேண்டாம். விகாரி என்றால் எனக்குப் பஞ்சாங்கத்து வருடப் பெயர்தான் ஞாபகம் வருது.
(கல்லடியிலிருந்து)