வெப்பநிலை கிராஃபில் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டுமா?

கேள்வி:
1880 முதலான உலகச் சராசரி வெப்பநிலையை ஒரு கட்டுரைக்காக கிராஃபாகப் போடுகிறேன். அச்சை 0 முதல் 20 டிகிரி வரை வைத்தால் கோடு படுத்தே கிடக்கிறது, விலகலை (ஒரு குறிப்பிட்ட காலத்தின் சராசரியைவிட எவ்வளவு கூட, குறைவு என்பதை) மட்டும் எடுத்து -0.5 முதல் 1.5 வரை வைத்தால் செங்குத்தாக ஏறுகிறது. எது நேர்மையான படம்? அப்புறம், நாசா டேட்டாவையும் ஹாட்கிரட் (HadCRUT) என்ற பிரிட்டிஷ் டேட்டாவையும் சேர்த்துப் போட்டால் நாசா கோடு எப்போதும் கொஞ்சம் மேலேயே ஓடுகிறது. எதை நம்புவது?

பதில்:
இரண்டையும் நம்பலாம். நாசா 1951–1980 சராசரியைக் கழிக்கிறது, ஹாட்கிரட் 1961–1990 சராசரியைக் கழிக்கிறது. பின்னதில் வெப்பம் கூடிய எண்பதுகள் சேர்வதால் கழிபடும் எண் பெரிது, கோடு கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரே காலத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வரிசையிலும் அந்த ஆண்டுகளின் சராசரியைக் கழித்துவிடுங்கள். மாத டேட்டா என்றால் ஜனவரிக்கு ஜனவரி சராசரிதான். கோடு மேலும் கீழும் நகருமே தவிர சாய்வு மாறாது. எந்தக் காலம் என்பதை அச்சின் பக்கத்திலேயே எழுதுங்கள், அது இல்லாத கிராஃபை நான் படிப்பதே இல்லை.

பதில்:
சுழியம் பற்றி: செல்சியஸில் அது நீர் உறையும் இடம், ஃபாரன்ஹீட்டில் வேறு இடம், உலக வெப்பநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35-இல் தொடங்குகிறது, யாரும் அதை மோசடி என்பதில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில்கூட உலகச் சராசரி சுமார் 5, 6 டிகிரிதான் குறைவு, கண்டங்களின் மேல் கிலோமீட்டர் கனத்துக்குப் பனி நின்ற காலம் அது. அந்த அளவில் யோசித்தால் 1 டிகிரி என்பது பெரிய மாற்றம், அதை மறைக்கிற அச்சுதான் தவறு. விலகலையே போடுங்கள்.

பதில்:
அச்சைவிட தொடக்க ஆண்டில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். 1998-இல் பலமான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடாகி உலக வெப்பநிலையைத் தற்காலிகமாக ஏற்றும் நிகழ்வு. அங்கிருந்து 2012 வரை மட்டும் வெட்டிக் காட்டி ‘வெப்பமாதல் நின்றுவிட்டது’ என்றார்கள். பிறகு 2016, 2023, 2024 எல்லாம் அதைத் தாண்டிப் போய்விட்டன. டேட்டா எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்தே போடுங்கள், ஆண்டுப் புள்ளிகளை மங்கலாக வைத்து மேலே பல ஆண்டுகளின் நகரும் சராசரிக் கோட்டை வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
1961–1990-க்கு மாற்றியதும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டன, நன்றி. 1900-க்கு முன்னால் மட்டும் கொஞ்சம் பிரிகின்றன, ஏன்?

பதில்:
அப்போது வானிலை நிலையங்கள் குறைவு, கடல் அளவீடுகள் கப்பல் போன வழியில் மட்டுமே. விட்டுப்போன இடங்களை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறது. பிழை வரம்பை நிழல் பட்டையாகப் போட்டுவிட்டால் அந்தப் பிரிவு பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.