மூணு பிக்கப் பேஸ்: சேர்த்துத் திறந்தா தகர டப்பா சத்தம்

அடித்தந்தி:
மெல்லிசைக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ரொம்ப நாள் ஆசை, போன மாசம் மூணு பிக்கப் (தந்தி ஆட்டத்தை மின் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) வச்சு ஒண்ணு சொல்லிச் செய்ய வச்சேன். நெக் (கழுத்து) பக்கம் ஜாஸ் பேஸ் மாடல் பிக்கப், நடுவுல பிரெசிஷன் பேஸ் மாடல், பிரிட்ஜ் (தந்தி முடியுற கட்டை) பக்கம் ஸ்டிங்ரே பேஸ்ல வர்ற மாதிரி பெரிய ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப்). மூணுக்கும் தனித்தனி வால்யூம், பொதுவா ஒரு டோன். பேட்டரி கிடையாது.

தனித்தனியா திறந்தா மூணுமே நல்லாத்தான் பேசுது. பிரெசிஷனை எதோட சேர்த்தாலும் அடிச்சத்தம் காணாமப் போயிடுது. நெக்கும் பிரிட்ஜும் மட்டும் சேர்ந்தா பிரச்சினை இல்லை. செஞ்சவர் கிட்ட கேட்டா பிக்கப்பையே மாத்தச் சொல்றார். வாங்கின கடனே இன்னும் அடையலை.

ஈயப்பொட்டு:
பத்து பைசா செலவு வேண்டாம் தம்பி. நடு பிக்கப்புக்கு வயர் தலைகீழா போயிருக்கு. தந்தி ஒரு பக்கம் ஆடும்போது மத்த ரெண்டும் பிளஸ்னா இது மைனஸ். அடி ஸ்வரம் (தந்தியோட முக்கிய ஒலி) எல்லா பிக்கப்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும், அதனால ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. மேல் ஸ்வரம் (கூடவே வர்ற மெல்லிய ஒலிகள்) இடத்துக்கு இடம் மாறும், அது மட்டும் தப்பிச்சு டப்பா சத்தமா வருது.

சந்தேகமா இருந்தா மூணு பிக்கப் வயரையும் பாட்ல (வால்யூம் திருகு) இருந்து கழட்டுங்க. மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வச்சு, ஒவ்வொண்ணா மாட்டி, காந்தத்து மேல ஸ்க்ரூடிரைவரை டொக்குனு வைங்க. ஒண்ணுக்கு மட்டும் குறி எதிரா காட்டும். அதோட ரெண்டு வயரையும் இடம் மாத்திப் பத்த வைங்க. அதுக்கு முன்னாடி, கிரவுண்ட் வயர் பிக்கப்போட உலோக அடித்தகட்டோட சேர்ந்திருக்கான்னு பாருங்க. சேர்ந்திருந்தா பிரிக்காம மாத்தாதீங்க.

நாலுகம்பி:
ஒரு ஆக்டிவ் பிரீஆம்ப் (பேட்டரியில சிக்னலைப் பெருக்குற சர்க்யூட்) போட்டுடுங்க ப்ரோ, 18 வோல்ட். எல்லாம் சரியாயிடும்.

ஈயப்பொட்டு:
தலைகீழா வர்ற சிக்னலை 18 வோல்ட்ல பெருக்கினாலும் அது டப்பாவாத்தான் வரும் சாமி.

அடித்தந்தி:
அண்ணா, குறி எதிராத்தான் காட்டுச்சு! மாத்தினேன், அடி வந்துடுச்சு. ஆனா மூணையும் முழுசா திறந்தா இன்னும் கொஞ்சம் மந்தமா, நடுச்சத்தம் இல்லாம இருக்கு. நெக் பிக்கப் தனியா திறந்தா உர்ருனு ஒரு ஹம் வேற.

ஈயப்பொட்டு:
பாட் என்ன மதிப்பு? 250கே (கிலோ ஓம்) மூணுன்னா, மூணும் இணையா நின்னு சுமார் 83கே சுமை ஆயிடும், மேல்சத்தம் செத்துடும். 500கே போடுங்க. நடுச்சத்தம் குழியறது வேற கதை. மூணு இடத்துல ஒரே தந்தியைக் கேட்டா சில ஸ்வரம் ஒண்ணை ஒண்ணு வெட்டத்தான் செய்யும், அதுக்கு மருந்து இல்லை. நான் மூணையும் சேர்த்துத் திறக்கவே மாட்டேன். ரெண்டே ரெண்டு.

பிக்கப் உயரத்தைச் சரிபண்ணுங்க, பாதி டோன் அங்கேதான் இருக்கு. கடைசி ஃபிரெட்ல (கழுத்துல இருக்கிற உலோகக் கம்பி) தந்தியை அழுத்திக்கிட்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவுல தடிச்ச தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிசு பக்கம் 2ல ஆரம்பிங்க. பிரிட்ஜ் கிட்ட தந்தி ஆட்டம் கம்மி, அதனால அங்கே கொஞ்சம் ஏத்தலாம். நெக் பிக்கப்பை இறக்குங்க. தந்தி அங்கே ரொம்ப ஆடும், முட்டிடும்.

ஹம் பத்தி: 1960ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப். ஒண்ணை எதிர்ச்சுத்தா சுத்தி, காந்தத்தையும் திருப்பி வச்சு, ரெண்டையும் சமமா திறந்தா ஹம் அடங்குற மாதிரி செஞ்சாங்க. உங்க கிட்ட ஜோடி இல்லாத ஒத்தை. செப்புத் தகடு ஒட்டினா கரகரப்பு குறையும், டிரான்ஸ்ஃபார்மர் ஹம் குறையாது. மேடையில கொஞ்சம் திரும்பி நின்னு பாருங்க.

அடித்தந்தி:
நேத்து கல்யாண ரிசப்ஷன். 500கே போட்டாச்சு. பிரெசிஷன் முழுசு, பிரிட்ஜ் முக்கால். நம்ம கீபோர்டுக்காரரே திரும்பிப் பார்த்தார். நெக் பிக்கப் இப்போதைக்கு கட்டைவிரல் ஊனிக்கத்தான் உதவுது.